முத்துக்கரையில் அரபுச் சுவை

மஸ்கட் நகரத்தின் முத்ரா, துபாயின் தேரா, ஜித்தாவின் பழைய நகரமான அல்பலத் போன்ற கடைவீதிகளில் ‘உணவு உலா’ பயணிகளிடையே பெயர்பெற்றது. வழிகாட்டி ஒருவர் முன்னே நடக்க, சிறு குழு ஒன்று பின்னால் போகும். முதலில் பேரீச்சம்பழமும் ஏலக்காய் மணக்கும் அரபுக் காப்பியான காவாவும் கிடைக்கும். அடுத்து அடுப்புச் சுவரில் ஒட்டிச் சுட்ட ரொட்டி, கம்பியில் சுட்ட இறைச்சி, முட்டையும் கறியும் வைத்து மடித்த முதப்பக் என்று கடைக்குக் கடை ஒரு வாய், இரண்டு வாய் ருசி பார்ப்பார்கள். இடையில் மசாலாக் கடை, அத்தர்க் கடை, சாம்பிராணிக் கடை எல்லாம் வரும். அல்வாக் கடையில் உலா முடியும். அந்த ஊருக்கு எந்தத் துறைமுகத்திலிருந்து என்ன வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்பதை நாக்கின் வழியாகச் சொல்வதுதான் இதன் உத்தி.

அப்படி ஓர் உலாவைத் தமிழ்நாட்டில் மேற்கொள்ள ஏற்ற இடம், தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வரை நீளும் முத்துக்குளித்துறைக் கடற்கரை. பழையகாயல், காயல்பட்டினம், உடன்குடி, முதலூர், தூத்துக்குடி என்று ஒரே நாளில் சுற்றிவரக்கூடிய வட்டம் இது. இந்தக் கரைக்கு அரபுச் சுவை மூன்று முறை, மூன்று வழியாக வந்திருக்கிறது. பாண்டியர் காலத்தில் குதிரைக் கப்பலோடு நேரே வந்தது ஒன்று. இலங்கை, மலாயா பக்கம் சுற்றிக்கொண்டு வந்தது இன்னொன்று. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களோடு கடந்த ஐம்பது ஆண்டுகளில் வந்தது மூன்றாவது. முதலில் வந்தது அரிசியோடும் தேங்காயோடும் கலந்து ஊர்ச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. கடைசியாக வந்தது இன்னும் வந்த கோலத்திலேயே இருக்கிறது.

குதிரை இறங்கிய துறை

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் முதலில் கொற்கையும், பின்னர் காயலும் பாண்டியரின் துறைமுகங்களாக விளங்கின. ஆற்று வண்டல் சேர்ந்து கடல் விலக விலக, துறைமுகமும் கிழக்கே நகர்ந்தது. 1290களில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் எல்லாம் காயலில் தங்கிச் செல்லும் என்று எழுதினார். அந்தக் காயல் இன்றைய பழையகாயல்தான் என்று 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் அடையாளம் காட்டினார். அதற்குத் தெற்கே உள்ள காயல்பட்டினம், அரபு வணிகரின் வழிவந்த தமிழ் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாக வாழும் ஊர்.

அந்தக் குதிரை வாணிபத்தின் அளவைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் குறித்து வைத்திருக்கிறார். ஆண்டுக்கு 10,000 குதிரைகள், ஒவ்வொன்றும் 220 பொன் தினார் என்பது அவர் தரும் கணக்கு. கிஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் இந்த வாணிபத்தை நடத்தினார். அவருடைய தம்பி தகியுத்தீன் பாண்டிய அரசவையில் அமைச்சர் பொறுப்பிலேயே இருந்தார். குதிரைக்கு ஈடாக முத்தும் துணியும் கப்பலேறின.

குதிரைகளின் தீனியைப் பற்றி இரண்டு பேருமே எழுதியிருக்கிறார்கள். வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் கொடுத்தார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் சேர்த்து வேகவைத்த தானியம், காய்ச்சிய பசும்பால் என்று அடுக்குகிறார் வஸ்ஸாப். அரேபியப் புல்வெளியில் மேய்ந்த குதிரை இந்தக் கரையில் இறங்கியதும் இந்தக் கரையின் சாப்பாட்டுக்கு மாற வேண்டியிருந்தது. குதிரையோடு வந்த மனிதர்களுக்கும் அதே நிலைதான். கோதுமை விளையாத ஊரில் அரிசி, ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் தேங்காய்ப்பாலும் நெய்யும், பேரீச்சை வளராத செம்மணல் தேரிக்காட்டில் பனங்கருப்பட்டி. இந்த மூன்று மாற்றத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டால் உலாவில் தட்டுக்கு வரும் ஒவ்வொரு பண்டமும் விளங்கிவிடும்.

வாணிபத்தோடு சமய மரபும் வந்தது. தமிழகக் கடலோர முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றுவது ஷாஃபி மத்ஹப் என்னும் இஸ்லாமியச் சட்ட மரபு. ஏமன் கரையிலும் கேரளக் கரையிலும் அதுதான். உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹப் மிகுதி. சாப்பாட்டில் இதற்கு ஒரு விளைவு உண்டு. மீன் அல்லாத கடலுயிர்களை உண்பதில் ஹனஃபி மரபில் தயக்கமும் கருத்து வேறுபாடும் உண்டு. ஷாஃபி மரபு கடலுணவை விரிவாக அனுமதிக்கிறது. அதனால் காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் வீடுகளில் இறாலும் கணவாயும் தடையின்றி அடுப்பேறுகின்றன.

முதல் நிறுத்தம்: கஞ்சிக் கொப்பரை

தூத்துக்குடியிலிருந்து தெற்கே போகும் திருச்செந்தூர்ச் சாலையில் பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி தாண்டினால் காயல்பட்டினம் வந்துவிடும். ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ரயிலில் வருபவர்களுக்குத் திருநெல்வேலி – திருச்செந்தூர் பாதையில் நிலையம் இருக்கிறது. வழியில் உள்ள ஆத்தூர் வெற்றிலைக்குப் பெயர்போனது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வெற்றிலைதான் இந்தப் பக்கத்து விருந்துகளின் கடைசி உருப்படி.

ரமலான் மாதத்தில் ஊருக்குள் நுழைபவர்களை முதலில் எட்டுவது நோன்புக்கஞ்சியின் மணம். பள்ளிவாசலை ஒட்டிய கஞ்சிக் கொட்டகையில் பகல் தொழுகை முடிந்ததும் அடுப்பு பற்றவைக்கப்படும். பெரிய கொப்பரையில் எண்ணெய்யும் நெய்யும் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலம் போட்டு, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, மல்லி, புதினா வதக்கி, கொத்துக்கறி சேர்ப்பார்கள். தண்ணீர் கொதித்ததும் நொறுக்கிய பச்சரிசி, பருப்பு, கொஞ்சம் வெந்தயம். ஆள் உயரத் துடுப்பால் அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அரிசி குழைந்து கரண்டியிலிருந்து கனமாக வடியும் பதத்தில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குவார்கள். மாலைத் தொழுகையை ஒட்டித் தூக்குவாளிகள் வரிசைக்கு வந்துவிடும். வரிசையில் நிற்பவர்களிடம் எந்த மதம் என்று கேட்கும் வழக்கம் கிடையாது. பள்ளிவாசல்களின் நோன்புக்கஞ்சிக்காகத் தமிழக அரசு 2001 முதல் பச்சரிசி வழங்கிவருகிறது.

அரபு நாடுகளில் இதே இடத்தில் இருப்பது ஹரீஸ். உரித்த கோதுமையையும் இறைச்சியையும் பல மணி நேரம் வேகவிட்டு, கட்டையால் அடித்துக் கூழாக்கி, மேலே நெய் ஊற்றித் தருவது. ஐக்கிய அரபு அமீரகம், ஓமான், சவூதி அரேபியா ஆகியவை சேர்ந்து விண்ணப்பித்ததன்பேரில் 2023இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நிஜாமின் படையில் வேலை பார்த்த, ஏமனின் ஹள்ரமவுத் பகுதி அரபுகளோடு ஹைதராபாத்துக்குப் போன ஹரீஸ், அங்கே மசாலா கூடி ஹலீம் ஆனது. முத்துக்கரையில் கோதுமைக்கு இடமில்லாததால் அரிசிக் கஞ்சி அந்த வேலையைச் செய்கிறது. பக்குவம் வேறு, நாள் முழுவதும் வெறுமையாகக் கிடந்த வயிற்றை உறுத்தாமல் நிரப்பும் குணம் இரண்டுக்கும் ஒன்று.

கஞ்சிக்குத் துணை சமோசா, வடை, பஜ்ஜி. சமோசாவின் முன்னோடியான சன்பூசக், 10ஆம் நூற்றாண்டு பாக்தாத் சமையல் நூலிலேயே இடம்பெற்றுவிட்டது. அங்கே இறைச்சியும் கொட்டைகளும் உள்ளே இருந்தன. இந்தக் கரையில் கறியும் வெங்காயமும், சில கடைகளில் இறாலும். நோன்பு திறந்ததும் குளிர்ச்சிக்கு உண்பது கடற்பாசி. மன்னார் வளைகுடாவில் விளையும் கஞ்சிப்பாசி போன்ற பாசிகளிலிருந்து எடுக்கும் அகரைக் காய்ச்சி, பாலும் சீனியும் அல்லது இளநீரும் சேர்த்து ஆறவிட்டால் தானே உறைந்துவிடும். துண்டு போட்டு, மேலே ரோஜா சர்பத் ஊற்றுவார்கள். அரபுச் சந்தைகளில் நோன்பு நேரத்து இனிப்பு என்றால் எண்ணெயில் பொரித்துப் பாகில் ஊறியவைதான் மிகுதி. வெக்கை கூடிய இந்தக் கரை, கடலிலிருந்தே ஒரு குளிர்ந்த இனிப்பை எடுத்துக்கொண்டது.

இரண்டாம் நிறுத்தம்: சஹன்

காயல்பட்டினத்தின் பெயர் சொல்லும் சாப்பாடு கடையில் கிடைப்பதைவிடக் கல்யாணப் பந்தலில்தான் முழுமையாகக் கிடைக்கும். ‘களரி’ என்பது பெருங்கூட்டத்துக்கு விறகடுப்பில் ஆக்கும் விருந்து. முந்தின இரவே தலைமைச் சமையல்காரரான பண்டாரியும் அவர் ஆட்களும் வந்துவிடுவார்கள். மல்லி, வத்தல், சீரகம், தேங்காய் அரைப்பு, தயிர், பட்டை கிராம்பு, ரம்பை இலை என்று சேரும் களரிக்கறிக்குப் பண்டாரிக்குப் பண்டாரி பக்குவம் மாறும். கறி தன் கொழுப்பிலேயே வெந்து, மேலே எண்ணெய் தெளியும்வரை சட்டியை இறக்க மாட்டார்கள். உடன் நெய்ச்சோறு, கத்தரிக்காயும் மாங்காயும் பருப்பும் சேர்ந்த புளிப்புக் கூட்டு, கடைசியில் செரிமானத்துக்குப் புளியாணம். குழம்பை ஆணம் என்பதும் காலை உணவைப் பசியாறல் என்பதும் இந்தப் பக்கத்துப் பேச்சு.

சாப்பிடும் முறைதான் அரபு நாட்டிலிருந்து மாறாமல் வந்த பகுதி. தரையில் விரிப்பு போடுவார்கள். அகன்ற வட்டத் தட்டான சஹன் நடுவில் வரும். அதில் நெய்ச்சோற்றைக் குவித்து, கறியையும் கூட்டையும் மேலேயும் ஓரத்திலும் வைப்பார்கள். இரண்டு மூன்று பேர், சில ஊர்களில் நான்கைந்து பேர், சுற்றி அமர்ந்து கைகழுவி, பிஸ்மி சொல்லித் தொடங்குவார்கள். அவரவர் முன்னால் இருக்கும் பகுதியில்தான் கை வைக்க வேண்டும். அடுத்தவர் பக்கம் நீளக் கூடாது. நல்ல கறித்துண்டு தன் பக்கம் வந்தால் அதைப் பிய்த்து உடன் இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவது பண்பாடு. வீட்டுக்காரர் சஹனுக்குச் சஹன் வந்து, “காக்கா, இன்னும் கொஞ்சம் கறி வைக்கட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே போவார்; காக்கா என்றால் அண்ணன். செல்வந்தரும் கூலியாளும் ஒரே தட்டில் உட்காரும் முறை இது.

ரியாத்திலோ முக்கல்லாவிலோ இதே போன்ற தாலத்தைச் சுற்றித்தான் கப்ஸா, மந்தி என்னும் இறைச்சிச் சோறுகள் உண்ணப்படுகின்றன. வேறுபாடு என்னவென்றால், அந்தத் தாலத்தில் சோறும் இறைச்சியும் உலர்ந்தே இருக்கும். இங்கே சோற்றைப் பிசைந்து உண்ணும் பழக்கத்துக்கு ஏற்றபடி கறி குழம்பாகியிருக்கிறது. புளிப்புக்கு மாங்காய் வந்திருக்கிறது. சோற்றில் நெய் ஊற்றி விருந்தினரைச் சாப்பிட வைக்கும் முறை மேற்குக் கரையில் 14ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1342 வாக்கில் ஹொன்னாவர் சுல்தானின் விருந்தில் உட்கார்ந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா, செம்புத் தாலத்தில் சோறு பரிமாறி, நெய் ஊற்றி, மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்களை வைத்து, பிறகு கோழியும் மீனும் வந்ததையும், கடைசியில் தயிர் பரிமாறியதையும் வரிசையாக எழுதியிருக்கிறார். அரபுத் தாலமும் தென்னிந்தியச் சமையலும் எவ்வளவு முன்பே ஒன்றுசேர்ந்துவிட்டன என்பதற்கு அது சான்று.

விருந்துக்கு அழைப்பு இல்லாதவர்களும் களரிச் சாப்பாட்டை ருசிக்கலாம். சொல்லிவைத்தால் ஆக்கித்தரும் சமையல்காரர்களும் உணவகங்களும் இந்தக் கடலோர ஊர்களில் உண்டு.

மூன்றாம் நிறுத்தம்: கடைத்தெரு

அரபு ஊர்களின் கடைவீதியான சூக் ஓர் ஒழுங்கில் அமைந்திருக்கும். பள்ளிவாசலை ஒட்டி அத்தர், சாம்பிராணி, புத்தகம் போன்ற மென்சரக்குகள். தள்ளித் தள்ளித் துணி, மசாலா. ஊரின் ஓரத்தில் கொல்லர் பட்டறை, கால்நடை. காயல்பட்டினத்தின் கூலக்கடை பஜார் அத்தனை பெரியதல்ல. கூரை போட்ட சூக்கும் அல்ல. ஆனாலும் மளிகை, மீன், பலகாரம், தொப்பி, அத்தர் எல்லாம் நடந்தே வாங்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குள் நுழைந்தால் வீடுகளுக்கு நடுவே ஒடுங்கிய முடுக்குகள் ஓடும். பெண்கள் தெருவுக்கு வராமல் வீட்டுக்கு வீடு போய்வர அமைந்த பாதைகள் இவை. மணமான பெண் தாய்வீட்டிலேயே இருப்பதும், மாப்பிள்ளை அங்கே வந்து சேர்வதும் இந்த ஊர் வழக்கம். அதனால் ஒரு வீட்டுச் சமையல் தாயிடமிருந்து மகளுக்கு, அதே அடுப்படியில், அதே சட்டியோடு போகிறது. பழைய பக்குவங்கள் இவ்வளவு காலம் மாறாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாலை நேரக் கடைகளில் பார்க்க வேண்டியது முர்தபா. அரபு நாடுகளில் இதுதான் முதப்பக். மாவை எண்ணெய் தடவிக் காகிதம் போல வீசி விரித்து, நடுவில் கொத்துக்கறியும் முட்டையும் வெங்காயமும் ஊற்றி, நாலு பக்கமும் மடித்துக் கல்லில் சுடுவார்கள். ஏமனிலும் ஹிஜாஸிலும் தெருவோரப் பண்டமான இது, தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களோடு சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போய் அங்கே முர்தபாக் ஆனது. அங்கிருந்து திரும்பியவர்களோடு தமிழகக் கடலோர ஊர்களின் கடைகளுக்கும் வந்தது.

வீட்டுப் பலகாரங்களில் தம்மடை தனித்து நிற்கிறது. ரவை, முட்டை, சீனி, நெய், முந்திரி சேர்த்துக் கரைத்த மாவைப் பாத்திரத்தில் ஊற்றி, கீழே மெல்லிய தணலும் மூடிமேல் கங்குமாக வைத்து வேகவிடுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் சிவந்து வர வேண்டும். அரபு நாடுகளில் ரவையில் செய்யும் பஸ்பூஸா இதற்கு ஒன்றுவிட்ட உறவு. அது அடுப்பிலிருந்து வந்ததும் பாகு குடிக்கும். தம்மடை பாகு இல்லாமல் பல நாள் இருக்கும்.

நான்காம் நிறுத்தம்: இலங்கை சுற்றி வந்த இனிப்பு

16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இந்தக் கடலைப் பிடித்த பிறகு அரபுக் கப்பல்களின் நேர்வரத்து குறைந்தது. முத்துக்குளிப்பும் 1530களில் முத்துக்குளிக்கும் பரதவர் கத்தோலிக்கராக மாறியதை ஒட்டிப் போர்ச்சுகீசியர் கைக்குள் போனது. முத்துக்கரை முஸ்லிம் வணிகர்கள் இலங்கை, மலாயா, பர்மா பக்கம் திரும்பினார்கள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தோணியும் நீராவிக் கப்பலும் ஓடின. வ.உ.சிதம்பரனார் 1906இல் தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம் பிரிட்டிஷாரோடு போட்டியிட்டதும் இதே பாதையில்தான். மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில், மரிச்சிக்கட்டி முத்துக்குளிப்புக்குப் பாரசீக வளைகுடாவிலிருந்து அரபு முக்குளிப்போர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்து தமிழர்களோடு ஒரே முகாமில் தங்கினார்கள்.

இந்தப் போக்குவரத்தால் வந்தவை பல. சோற்றுக்கு வாசம் தரும் ரம்பை இலை, மாலத்தீவின் மாசிக்கருவாடு, அதை இடித்துச் செய்யும் மாசிச் சம்பல், தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் வட்டிலப்பம், கீழக்கரையின் தொதல். வட்டிலப்பமும் தொதலும் மலாய் வழி வந்தவை. அரபுப் பண்டங்கள் அல்ல. ஆனால் உலாவில் இவற்றையும் ருசி பார்த்தால்தான் மஸ்கோத் அல்வாவின் கதை புரியும்.

காயல்பட்டினத்திலிருந்து திருச்செந்தூர், உடன்குடி வழியாக மேற்கே போனால் சாத்தான்குளம் பக்கத்தில் முதலூர். 1799இல் கிறிஸ்தவர்களுக்கென்று உருவான குடியிருப்பு இது. இங்கே செய்யும் மஸ்கோத் அல்வாவின் பெயரில் மஸ்கட் நகரம் இருக்கிறது. ஓமானில் அல்வா என்பது விருந்தோம்பலின் முதல் பண்டம். மாச்சத்து, சீனி, நெய், குங்குமப்பூ, ஏலம், பன்னீர், கொட்டைகள் சேர்த்து, பெரிய செம்புக் கொப்பரையில் மணிக்கணக்கில் துடுப்பு போட்டுக் கிண்டுவது. காவாவோடு, சிறு கிண்ணத்தில், சூடாகவே தருவார்கள். இந்த அல்வா இலங்கை முஸ்லிம்களிடம் ‘மஸ்கட்’ என்ற பெயரில் பரவி, அங்கிருந்து முதலூருக்கு வந்தது.

வழியில் அதன் உள்ளடக்கம் மாறிவிட்டது. முதலூரில் நெய் கிடையாது. மைதா மாவைப் பிசைந்து, தண்ணீரில் ஊறவைத்து, கசக்கிக் கசக்கிப் பால் எடுக்கிறார்கள். அந்தப் பாலைத் தெளியவைத்து, மேலே நிற்கும் நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய கெட்டிப் பாலோடு தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து அடுப்பில் ஏற்றுகிறார்கள். முதலில் பால்போலக் கொதிக்கும். நேரம் ஆக ஆகக் கூழாகும். துடுப்பு இழுக்கக் கனக்கும். பிறகு தேங்காய்ப்பாலிலிருந்து எண்ணெய் கசிந்து ஓரங்களில் நுரைத்து நிற்கும். அந்த எண்ணெயே அல்வாவை ஒட்டாமல் உருட்டித் திரட்டுகிறது. முந்திரி போட்டுத் தட்டில் கொட்டி ஆறவைத்துத் துண்டு போட்டால், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். விரலால் அழுத்தினால் மீண்டு எழும். நெய் அல்வாவின் கனம் நாக்கில் தங்காது. பாலைவன ஊர் ஒன்றின் இனிப்பு, தென்னை மரத்தின் கொழுப்பில் மறுபடி செய்யப்பட்டிருக்கிறது.

வழியில் உள்ள உடன்குடி, பனங்கருப்பட்டிக்குப் பெயர்பெற்றது. தேரி மண்ணில் வளரும் பனைகளின் பதநீரைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி உறையவைப்பார்கள். அரபு நாட்டுப் பேரீச்சையும் பனைக் குடும்பம்தான். அங்கே பழத்திலிருந்து எடுக்கும் இனிப்பை, இங்கே பாளையிலிருந்து எடுக்கிறார்கள்.

ஐந்தாம் நிறுத்தம்: தூத்துக்குடியின் இரவு

உலா தூத்துக்குடிக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். பேக்கரிகளில் கிடைக்கும் மக்ரூன் அரபுப் பண்டமல்ல. ஐரோப்பியர் வழி வந்தது. முட்டை வெள்ளைக்கருவை அடித்து, சீனியும் அரைத்த முந்திரியும் சேர்த்துச் சுட்டது. இதன் ஐரோப்பிய மூலத்தில் இருந்தது பாதாம். பாதாமையும் சீனியையும் அரைத்து இனிப்பு செய்யும் கலை, தென் ஐரோப்பாவில் வேரூன்ற உதவியவர்கள் சிசிலியையும் ஸ்பெயினையும் ஆண்ட அரபுகள்.

‘நைட் கிளப்’ என்று இந்த ஊரில் சொல்வது புரோட்டாக் கடைகளை. கல்லின் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தெடுத்த புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி இலையில் தருவார்கள். இதுவும் அரபு உணவல்ல. ஆனால் மாவை வீசி விரிக்கும் கைவேலையை முர்தபாக் கடையில் பார்த்துவிட்டு இங்கே வந்தால், இரண்டும் ஒரே தொழில் என்பது தெரியும்.

அரபு என்று பெயர்ப்பலகையிலேயே எழுதியிருப்பவை ஷவர்மா, மந்திக் கடைகள்தான். 1973இல் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடா நாடுகள் ஆள் எடுக்கத் தொடங்கின. அங்கே போய்த் திரும்பியவர்களின் ருசியும், கேரளக் கடைகளின் வழியும் சேர்ந்து இவை தமிழகம் எங்கும் பரவின. மந்தியின் தாயகம் ஏமனின் ஹள்ரமவுத். தரையில் தோண்டிய குழியில் தணல் போட்டு, அதன்மேல் அரிசிப் பானையையும், அதற்கும் மேலே இறைச்சியையும் வைத்துக் குழியை மூடிவிடுவார்கள். இறைச்சியின் கொழுப்பு சொட்டுச் சொட்டாகச் சோற்றில் இறங்கும். புகை வெளியேற வழியில்லாமல் இரண்டிலும் ஏறும். நகரத்துக் கடைகள் பலவற்றில் குழி இருக்காது. சோற்றின் நடுவே கிண்ணத்தில் கங்கு வைத்து, அதன்மேல் கொஞ்சம் நெய் விட்டு மூடிப் புகை ஏற்றுவார்கள்.

ஷவர்மா, துருக்கியில் 19ஆம் நூற்றாண்டில் உருவான சுழல் கம்பிச் சமையலிலிருந்து சிரியா, லெபனான் பக்கம் வளர்ந்தது. சுழலும் இறைச்சியின் வெளிப்புறம் மட்டுமே வெந்திருக்கும். வெந்ததைச் சீவியபின் அடுத்த அடுக்கு வேகக் காத்திருக்க வேண்டும். கூட்டம் அலைமோதும்போது அந்தப் பொறுமை தவறினால் வேகாத கோழி ரொட்டிக்குள் போய்விடும். கூடவே தடவும் மயோனைஸ் பச்சை முட்டையில் செய்ததாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது இதனால்தான். கம்பியில் தீ எரிந்துகொண்டிருக்கிறதா, சீவிய துண்டுகளை மறுபடி கல்லில் வாட்டுகிறார்களா என்று பார்த்து வாங்குவது நல்லது.

களரிக்கறியையும் மந்தியையும் ஒரே நாளில் ருசி பார்த்தவர்களுக்கு வேறுபாடு சொல்லாமலே விளங்கும். மந்திக்கு வேண்டிய பாஸ்மதி அரிசி வெளியூரிலிருந்து வருகிறது. மசாலா பொட்டலத்தில் வருகிறது. களரிச் சாப்பாட்டுக்கு வேண்டிய தேங்காயும் மாங்காயும் இந்த மண்ணில் விளைபவை. மந்தி இங்கே நூறாண்டு தங்கினால் அதிலும் தேங்காய்ப்பால் ஏறக்கூடும்.

போகிறவர்கள் கவனிக்க

ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வந்துகொண்டே இருக்கும். கஞ்சியும் கடற்பாசியும் சமோசாவும் ஒன்றாகக் கிடைப்பது அந்த மாதத்தில்தான். ஆனால் அப்போது பகலில் கடைகள் மூடியிருக்கும்; பிற்பகலுக்குப் பிறகு போவதே சரி. மற்ற மாதங்களில் காலையில் காயல்பட்டினம், மதியம் சொல்லிவைத்த களரிச் சாப்பாடு, பிற்பகலில் உடன்குடியும் முதலூரும், இரவில் தூத்துக்குடி என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தைத் தவிர்க்க வேண்டும். முடுக்குகளுக்குள் நுழைவதும் பெண்களைப் படம் எடுப்பதும் கூடாது. பள்ளிவாசலிலும் பண்டாரியின் அடுப்படியிலும் அனுமதி கேட்டுப் படம் எடுக்கலாம். சஹனில் உட்கார்ந்தால் வலது கையால் மட்டும், தன் பக்கத்தில் இருந்து மட்டும் உண்ண வேண்டும்.

கையோடு வாங்கிவர ஏற்றவை மூன்று. மஸ்கோத் அல்வா குளிர்பெட்டி இல்லாமலே பல நாள் தாங்கும். உடன்குடிக் கருப்பட்டியை ஈரம் படாமல் ஓலைக்கொட்டானிலோ மண்பானையிலோ வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். மாசிக்கருவாட்டைக் கட்டையாகவே வாங்கி, தேவைப்படும்போது இடித்துக்கொள்ள வேண்டும். தூளாக வாங்கினால் மணம் போய்விடும்.